நைன் சிங் ராவத்

பண்டிதர் நைன் சிங் ராவத் (அக்டோபர் 21, 1830 – 1882) இமயமலையின் குமாவுன் பகுதியில் பிறந்த ஆசிரியரும் நில அளவையாளரும் ஆவார். திபெத்தின் தலைநகரான லாசாவின் அமைவிடத்தையும் உயரத்தையும் நேரில் சென்று கணித்து உலகிற்கு அறியத் தந்தவர் இவரே. சாங்போ ஆற்றின் போக்கை மானசரோவர் பகுதி முதல் லாசாவின் அண்மை வரை நிலப்படத்தில் குறித்தார். இந்தியாவையும் திபெத்தையும் இணைக்கும் கணவாய்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவந்த ஷௌக்கா (போட்டியா) மக்களில் ஒருவராகப் பிறந்தமையே இவருடைய பயணங்களை இயலச் செய்தது.

பிறப்பும் சூழலும்

நைன் சிங், இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் பித்தோராகட் மாவட்டத்தில் ஜோகார் பள்ளத்தாக்கிலுள்ள மிலாம் என்னும் ஊரில் பிறந்தார். கோரி கங்கை ஆறு தோன்றும் மிலாம் பனியாற்றின் அருகே, ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. தந்தையார் பெயர் அமர் சிங். குமாவுன் பகுதி 1790 முதல் நேபாளத்துக் கூர்க்காக்களின் ஆட்சியிலும், 1815க்குப் பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்தது. ஆட்சிகள் மாறியபோதும் மிலாம் மக்களின் வாழ்வு மேலே திபெத்தையும் கீழே குமாவுன் சமவெளிச் சந்தைகளையும் சார்ந்தே நடந்தது.

ராவத் குடியினர் ஜோகாரில் செல்வாக்குப் பெற்றிருந்தனர். இவர்களின் முன்னோரான தாம் சிங் என்பவர் திபெத்திய ஆட்சியாளருக்குப் பணிசெய்து வணிக உரிமை பெற்றார் என்பது அம்மக்களின் மரபுவழிச் செய்தி. அமர் சிங்கின் குடும்பமோ செல்வத்தில் தாழ்ந்திருந்தது. சிறு வணிகராக, பிறரிடம் பெற்ற கடனைக் கொண்டு சரக்கு வாங்கும் நிலையிலேயே நைன் சிங்கின் இளமை கழிந்தது.

ஜோகார் வணிகமுறை

நைன் சிங்கின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஜோகார் வணிகத்தைப் பற்றிச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். மிலாம் போன்ற உயர்ந்த ஊர்களில் மக்கள் கோடையில் மட்டுமே வாழ்ந்தனர். அங்கு ஆண்டுக்கு ஒருபோகமே விளையும். அதுவும் குடும்பத்திற்குப் போதாது. குளிர்காலத்தில் ஊர் முழுவதும் கால்நடைகளுடன் முன்சியாரிக்கும் அதற்கும் கீழுள்ள தாழ்நிலங்களுக்கும் இறங்கிவிடும். சனவரியில் பாகேசுவரத்தில் நடைபெறும் உத்தராயணித் திருவிழாச் சந்தையில் திபெத்திய உப்பையும் கம்பளியையும் விற்று, தானியம், துணி, வெல்லம், புகையிலை ஆகியவற்றை வாங்குவர். வசந்தத்தில் மீண்டும் மேலே ஏறுவர். பனி விலகியதும் அச்சரக்குகள் திபெத்திற்குச் செல்லும். அங்கிருந்து உப்பு, வெண்காரம், கம்பளி, பொற்றுகள் ஆகியவை திரும்பிவரும்.

மிலாமிலிருந்து திபெத்தின் ஞானிமாச் சந்தையை அடைய ஊண்டா தூரா, ஜயந்தி தூரா, குங்ரி பிங்ரி என்னும் மூன்று கணவாய்களைக் கடக்கவேண்டும். மூன்றும் 17,000 அடிக்கு மேற்பட்டவை. இடையே புல்லும் விறகும் கிடையா. ஆகவே மூன்றையும் ஒரே நாளில் கடந்துவிடுவது வழக்கம். பிற்பகலில் பனிப்புயல் எழுந்தால் மந்தை முழுவதையும் இழக்க நேரிடும். ஆடுகளே முதன்மையான பொதிவிலங்குகள். ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இருபுறமும் தொங்கும் சிறிய பைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோகிராம் சரக்கு ஏற்றப்படும். வழியில் கிடைக்கும் புல்லை மேய்ந்துகொண்டே அவை நடக்கும் என்பதால் தனியே தீவனம் சுமக்கவேண்டியதில்லை. பெரிய பொதிகளைக் கவரிமாக்கள் சுமந்தன.

இவ்வணிகம் திறந்த சந்தை வணிகமன்று. ஒவ்வொரு ஜோகாரி வணிகருக்கும் திபெத்தில் ஒரு குறிப்பிட்ட கூட்டாளி இருந்தார். அவர் மித்திரர் எனப்பட்டார். தொடக்கத்தில் ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டனர் என்றும், பின்னாளில் கம்கியா எனப்பட்ட எழுத்து ஒப்பந்தங்கள் வந்தன என்றும் கூறப்படுகிறது. மித்திரரைத் தவிர வேறொருவருடன் கொடுக்கல் வாங்கல் செய்வது முறைகேடாகக் கருதப்பட்டது. இவ்வுறவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. கடனுக்கு ஈடாகக்கூடக் கைமாறியது.

கணவாய் திறப்பதும் வணிகரின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. ஆண்டுதோறும் திபெத்திய அலுவலர் ஒருவர் இறங்கிவந்து, கீழ்நாடுகளில் போரோ கொள்ளைநோயோ உள்ளதா என விசாரிப்பார். ஊர்த்தலைவர்கள் உறுதிமொழி அளித்த பின்னரே வழி திறக்கப்படும். அயல்நாட்டவர் எவரையும் உடன் அழைத்து வரலாகாது என்பது இவ்வுறுதியின் உள்ளடக்கம். ஒருவர் செய்யும் தவறுக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் வணிக உரிமையை இழக்கக்கூடும். நைன் சிங் பின்னர் மேற்கொண்ட பணியின் கடுமை இவ்விடத்தில்தான் விளங்குகிறது.

இளமை

தந்தையாருடன் சென்று திபெத்தின் மேற்குச் சந்தைகளையும் மொழியையும் வழக்கங்களையும் நைன் சிங் சிறுவயதிலேயே கற்றார். தமக்கெனத் தொடங்கிய வணிகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை, கடன் மிகுந்தது. இந்நிலையில் 1855 ஆம் ஆண்டில் செருமானிய ஆய்வாளர்களான ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் குமாவுனுக்கு வந்தனர். நைன் சிங்கும், அவருடைய உறவினரும் ஜோகாரின் பட்வாரியுமான மணி சிங்கும் அவர்களிடம் பணியில் சேர்ந்தனர். மானசரோவர், கார்டோக், லடாக் முதலிய இடங்களுக்கு அவர்களுடன் சென்று, திசைகாட்டியையும் வெப்பமானியையும் கையாளக் கற்றுக்கொண்டனர். நைன் சிங்கை ஐரோப்பாவிற்கு அழைத்துச் செல்லவும் சகோதரர்கள் விரும்பினர். அவர் செல்லாமல் ஊர் திரும்பினார்.

ஐரோப்பியருக்கு மிலாம் ராவத்துகள் உதவியது அதுவே முதன்முறையன்று. 1812 இல் மாறுவேடத்தில் மேற்குத் திபெத்திற்குச் சென்ற மூர்கிராப்ட், ஹியர்சி ஆகிய இருவருக்கும் இக்குடியைச் சேர்ந்த தேவ் சிங், வீர் சிங் ஆகியோர் உதவியுள்ளனர். மணி சிங் இந்தத் தேவ் சிங்கின் மகன்.

1858 இல் மிலாமில் திறக்கப்பட்டிருந்த அரசுப் பள்ளியில் நைன் சிங் ஆசிரியரானார். பண்டிதர் என்னும் பட்டம் அப்பணியினால் வந்தது. பின்னாளில் ஆங்கில நூல்களில் இரகசிய நில அளவையாளர் அனைவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது மாறியது.

நில அளவைத் துறையில்

சென்னைப் பரங்கிமலையருகே 1802 இல் லாம்டன் தொடங்கிய முக்கோணவியல் நில அளவை, அறுபது ஆண்டுகளில் இமயத்தை எட்டியிருந்தது. அதற்கு அப்பால் திபெத்து, ஐரோப்பியருக்கு மூடப்பட்ட நாடாக இருந்தது. நிலப்படத்தில் அப்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே காணப்பட்டது. எல்லையைத் தாண்டி இயல்பாகச் சென்றுவரும் இந்திய மலைவாழ் மக்களைப் பயிற்றுவித்து அனுப்பலாம் என்று அளவைத் துறையின் கேப்டன் மாண்ட்கோமரி கருதினார். குமாவுனில் கல்வித்துறை அலுவலராக இருந்த எட்மண்ட் ஸ்மித் என்பவரின் பரிந்துரையால் 1863 இல் நைன் சிங்கும் மணி சிங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு டேராடூனில் பயிற்சி பெற்றனர்.

ஏற்றமாயினும் இறக்கமாயினும் ஒரே அளவுள்ள அடி வைத்து நடத்தல் முதற்பயிற்சி. அடிகளை எண்ண மணிமாலை உதவியது. பௌத்தர்களின் மாலையில் 108 மணிகள் இருக்கும். இவர்களுடைய மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒருமுறை சுற்றினால் பத்தாயிரம் அடி, அதாவது ஏறத்தாழ ஐந்து மைல். கையில் சுழற்றும் மந்திர உருளையினுள் மந்திரச் சுருளுக்குப் பதிலாகக் குறிப்புத் தாள்கள் வைக்கப்பட்டன. கைத்தடியினுள் வெப்பமானி இருந்தது. நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு இடத்தின் உயரம் கணிக்கப்பட்டது. பெட்டியின் பொய்யடித்தட்டில் விண்மீன்களின் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் மறைக்கப்பட்டது. சோழிகளுக்குள் அடைத்த பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினால் அது மட்டமான கண்ணாடியாகப் பயன்பட்டது.

இக்கருவிகளைப் பற்றியே பல நூல்கள் வியந்து எழுதுகின்றன. அவை அளவைக் கருவிகளை மறைத்தன என்பது உண்மை. அவற்றைத் தாங்கியவரை மறைத்தது அவருடைய மொழியும், பேரம் பேசும் முறையும், சந்தைகளைப் பற்றிய அறிவுமே ஆகும். அவற்றை டேராடூனில் எவரும் கற்பித்திருக்க முடியாது.

முதற்பயணம் (1865–66)

நைன் சிங்கும் மணி சிங்கும் 1865 சனவரியில் டேராடூனிலிருந்து புறப்பட்டனர். குமாவுன் வழியாகச் செல்வது இயலாமற் போனதால் நேபாளம் வழியைத் தேர்ந்தனர். மார்ச்சில் காட்மாண்டு சேர்ந்தனர். பஷாகர் நாட்டு வணிகர் என்றும், குதிரை வாங்கவும் மானசரோவரில் வழிபடவும் செல்பவர்கள் என்றும் தம்மைக் கூறிக்கொண்டனர். திபெத்திய எல்லைக் காவலர் இதனை ஏற்கவில்லை. பஷாகரிகள் அவ்வழியில் வருவதில்லை, அந்தப் பருவத்திலும் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊரார் எந்தக் கணவாயில் எந்த மாதத்தில் வருவர் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்த நிலத்தில், சொன்ன கதை வழியோடு பொருந்தவில்லை.

மேலும் ஒரு சிக்கல் இருந்தது. கிரோங் ஊரின் ஆளுநர் மணி சிங்கை முன்னரே அறிந்தவர். ஆதலால் மணி சிங் அவ்வழியே மேற்கொண்டு செல்ல இயலவில்லை. அவர் மேற்கு நேபாளத்தின் பாதைகளை அளந்தவாறு திரும்பினார். நைன் சிங் லடாக்கியரைப் போல உடையணிந்து, சடைப்பின்னலும் வைத்துக்கொண்டு தனியே முயன்றார். அழைத்துச் செல்வதாகக் கூறிய வணிகர் ஒருவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஏமாற்றினார். இறுதியில் லாசாவிற்குச் செல்வதில்லை, சென்றால் உயிரை இழக்கச் சம்மதம் என்று கிரோங்கில் எழுத்தில் உறுதி அளித்த பின்னரே அவர் திபெத்தினுள் அனுமதிக்கப்பட்டார்.

சாங்போவை அடைந்து தாதும் என்னும் இடத்தில் தங்கியிருந்தபோது, லடாக்கிலிருந்து லாசாவிற்குச் செல்லும் பெரிய வணிகக் குழுவொன்று வந்தது. நைன் சிங் அதனுடன் சேர்ந்துகொண்டார். குழுவினர் பேசிக்கொண்டு நடக்கையில் அவர் சற்றுப் பின்தங்கி, மந்திரம் உருப்போடுபவரைப்போல் அடிகளை எண்ணிவந்தார். செபத்தில் இருப்பவரை இடைமறித்துப் பேசுவது அந்நாட்டில் வழக்கமில்லை. அக்டோபர் இறுதியில் ஷிகாட்சே சேர்ந்தனர். குழுவினர் அனைவரும் பஞ்சன் லாமாவை வணங்கச் சென்றபோது அவரும் செல்ல நேர்ந்தது. உயர்ந்த லாமாக்கள் எதிரே இருப்பவரின் உள்ளத்தை அறிவர் என்ற நம்பிக்கையைக் கேட்டு வளர்ந்தவராதலால் நைன் சிங் அஞ்சினார். அரியணையில் இருந்தவர் பதினொரு வயதுச் சிறுவர். வழக்கமான மூன்று கேள்விகளைக் கேட்டு ஆசி வழங்கி அனுப்பிவிட்டார்.

லாசாவில்

1866 சனவரி 10 அன்று நைன் சிங் லாசாவை அடைந்தார். அங்கு மூன்று மாதங்களுக்கு மேல் தங்கி, இரவில் விண்மீன்களை அளந்து நகரின் அட்சரேகையைக் கணித்தார். நீர் கொதிநிலையைக் கொண்டு உயரம் ஏறத்தாழ 11,700 அடி எனக் கண்டார். இன்றைய அளவு ஏறத்தாழ 11,975 அடி. ஒரு வெப்பமானியைக் கொண்டு பெற்ற முடிவு என்ற வகையில் இவ்வேறுபாடு மிகச் சிறியது.

நகரின் சந்தையைப் பற்றிய அவருடைய குறிப்புகள் வணிகர் ஒருவரின் கண்ணால் கண்டவை. டிசம்பரில் சீனம், மங்கோலியா, காம், தவாங், பூட்டான், சிக்கிம், நேபாளம், லடாக், காசுமீரம் ஆகிய இடங்களிலிருந்து வணிகர் வந்து சேர்வர். மழைக்காலம் ஆறுகளை அடைப்பதற்கு முன்னர், மார்ச்சில் திரும்புவர். பட்டும் தேநீரும் கிழக்கிலிருந்தும், அரிசி தெற்கிலிருந்தும், குங்குமப்பூ மேற்கிலிருந்தும் வந்தன. ஐரோப்பியருக்கு மூடிய நகரம் ஆசிய வணிகர் அனைவருக்கும் திறந்திருந்தது என்பதை இக்குறிப்புகள் காட்டுகின்றன.

கைப்பணம் தீர்ந்ததும் நேபாள வணிகர்களுக்கு இந்திய முறைக் கணக்கெழுதுதலைக் கற்பித்து அவர் பிழைத்தார். இதற்கிடையில் காசுமீர முசுலிம் வணிகர் இருவர் அவருடைய வேடத்தை ஐயுற்று வற்புறுத்திக் கேட்கவே, உண்மையைக் கூற நேர்ந்தது. அவ்விருவரும் அதனை வெளியிடவில்லை. சிறுதொகை கடனும் கொடுத்து உதவினர். அச்செயலால் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஊதியம் எதுவுமில்லை, ஆபத்தோ பெரிது.

ஒருநாள் தெருவில் கிரோங் ஆளுநரையே நைன் சிங் கண்டார். யாரிடம் உயிரைப் பணயமாக வைத்து லாசாவிற்கு வருவதில்லை என எழுதிக் கொடுத்தாரோ அவர் இவரே. அதே காலத்தில் சீனர் ஒருவர் மக்கள் முன்னிலையில் தலை வெட்டப்பட்டதையும் பார்க்க நேர்ந்தது. நைன் சிங் தங்குமிடத்தை மாற்றிக்கொண்டு, வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 21 அன்று லடாக்கிக் குழுவுடன் திரும்பிச் செல்லத் தொடங்கினார். இம்முறை சாங்போவை ஒட்டி மேற்காக மானசரோவர் வரை அளந்தார். கைலாயத்தின் அடிவாரத்திலுள்ள தார்ச்சனில், தம்மை முன்னரே அறிந்திருந்த குமாவுன் வணிகர் ஒருவரைச் சந்தித்தார். அவர் நைன் சிங்கின் கடன்களைத் தீர்க்க உதவினார். அடகு வைத்திருந்த கடிகாரத்தை மட்டும் அப்போது மீட்க முடியவில்லை. மலைவணிகரின் நாணயமும் நம்பிக்கையும் கொண்ட வலையே இப்பயணத்தின் தொடக்கத்தில் அவரைத் தடுத்தது. முடிவில் கரைசேர்த்ததும் அதுவே.

ஏறத்தாழ 1,200 மைல் தொலைவு, 25 இலட்சம் அடிகளாக எண்ணி அளக்கப்பட்டது. 31 இடங்களின் அட்சரேகையும் 33 இடங்களின் உயரமும் கிடைத்தன.

தோக் ஜாலுங் பொன்வயல்கள் (1867)

அடுத்த ஆண்டு நைன் சிங், மணி சிங், கல்யாண் சிங் ஆகியோர் பத்ரிநாத்தைக் கடந்து மானா கணவாய் வழியாக மேற்குத் திபெத்தினுள் நுழைந்தனர். பவளம் விற்கும் பஷாகரி வணிகர்கள் என்பது இம்முறை வேடம். பவளத்தைத் திபெத்தியர் பெரிதும் விரும்புவர் என்பதால் அது பொருத்தமான சரக்கு. ஆயினும் வழியில் ஐயுற்ற தலைவர் ஒருவரிடம் குழுவினர் ஒருவரைப் பிணையாக விட்டுச்செல்ல வேண்டியதாயிற்று.

தோக் ஜாலுங், 16,000 அடிக்கும் மேற்பட்ட வெட்டவெளி. ஓயாத குளிர்காற்றுக்கு அஞ்சித் தொழிலாளர் தம் கூடாரங்களைத் தரையில் குழிதோண்டி அதனுள் அமைத்திருந்தனர். உறங்கும்போது முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக் குப்புறச் சுருண்டு, கைவசமுள்ள துணி அனைத்தையும் முதுகின்மேல் போர்த்திக்கொண்டனர். கோடையில் ஏறத்தாழ 300 கூடாரங்களும் குளிர்காலத்தில் அதன் இருமடங்கும் இருந்தன என நைன் சிங் குறித்துள்ளார். குளிரில் ஆட்கள் மிகுவது வியப்பாகத் தோன்றலாம். மண் உறைந்திருக்கும்போது தோண்டிய குழியின் பக்கங்கள் சரிவதில்லை என்பதே காரணம்.

பொன்வயல் தலைவர் இவர்களுடைய பெட்டியின் வேலைப்பாட்டைக் கண்டு ஐயுற்றார். பரிசுகளும் பேச்சும் அவரைச் சமாதானப்படுத்தின. எனினும் சில நாட்களுக்கு மேல் தங்க அனுமதிக்கவில்லை. இப்பயணத்தில் சிந்து ஆற்றின் மேற்பகுதியும் அளக்கப்பட்டது.

லே முதல் அசாம் வரை (1873–75)

1873 இல் யார்க்கண்டிற்குச் சென்ற போர்சித் தூதுக்குழுவில் நைன் சிங்கும் இடம்பெற்றார். அதிலிருந்து திரும்பியதும் அவருடைய கடைசிப் பயணமும் மிக நீண்டதுமான பயணம் தொடங்கியது. 1874 சூலையில் லடாக்கின் லே நகரிலிருந்து சில உதவியாளருடன் புறப்பட்டார். பாங்கோங் ஏரியைக் கடந்து, ஐரோப்பிய நிலப்படங்களில் முற்றிலும் வெறுமையாக இருந்த வடதிபெத்திய ஏரிநிலம் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றார்.

பொதி சுமக்க அவர் தேர்ந்தவை ஆடுகள். குதிரைகளோ கவரிமாக்களோ கொண்ட குழு கண்ணில் படும். ஆட்டுமந்தையோடு செல்பவரை எவரும் உற்றுநோக்கமாட்டார். இருபத்தாறு ஆடுகளுடன் புறப்பட்டார். அவற்றுள் சிலவே ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வழியைச் சுமையுடன் நடந்து முடித்தன. மேய்ந்த புல்லைத் தவிர அவற்றிற்கு வேறு தீவனம் தரப்படவில்லை. ஜோகாரின் பழைய பொதிமுறை இத்தனை நீண்ட வழிக்கும் தாங்கும் என்பது இதனால் தெரியவந்தது.

தெங்கிரி நோர் (நாம்) ஏரியின் கரை வழியாக நவம்பர் 18 அன்று மீண்டும் லாசாவை அடைந்தார். லடாக்கிலிருந்து வரும் வணிகக் குழுவின் மூலம் பணம் பெற்று, மேலும் கிழக்கே பீக்கிங் வரை செல்வது திட்டம். ஆங்கிலேயரின் ஆள் ஒருவர் வருகிறார் என்ற வதந்தி அவருக்கு முன்னரே நகரை எட்டியிருந்தது. தம்மை அறிந்த லே வணிகர் ஒருவரையும் அங்குக் கண்டார். ஆதலால் எழுதிய குறிப்புகளை நம்பிக்கைக்குரிய உதவியாளர் இருவரிடம் கொடுத்து லேவுக்கு அனுப்பிவிட்டு, இரண்டே நாட்களில் லாசாவை விட்டுத் தெற்கே திரும்பினார். செத்தாங் அருகே சாங்போவைக் கடந்து அதன் அகலத்தையும் போக்கையும் குறித்தார். சாங்போவே பிரம்மபுத்திரா என்ற கருத்திற்கு இது வலுவூட்டியது. முழு உறுதி பிற்காலத்தவரால் கிடைத்தது.

டிசம்பர் இறுதியில் தவாங் சேர்ந்தவர் அங்கு இரண்டு மாதங்கள் வரை தடுத்துவைக்கப்பட்டார். உளவர் என்ற ஐயம் இத்தடைக்கு முதற்காரணமாகத் தெரியவில்லை. லாசாவிற்கும் அசாமுக்கும் இடைப்பட்ட வணிகம் தவாங்கிலுள்ளோரின் கையில் இருந்தது. லடாக்கிலிருந்து புதிதாக ஒருவர் தம் வழியில் நுழைவதை அவர்கள் விரும்பவில்லை. தம் சொந்தப் பள்ளத்தாக்கினரும் இவ்வாறே நடந்துகொண்டிருப்பர் என்பது நைன் சிங்கிற்குத் தெரியாததன்று. சரக்குகளை அங்கேயே விட்டுச்செல்லவும், வழிபாட்டுப் பயணியாகவே செல்லவும் இசைந்த பின் 1875 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார். மார்ச்சு 1 அன்று அசாமின் உதல்குரியை அடைந்தார். லேவிலிருந்து அளந்த வழி 1,300 மைலுக்கும் மேற்பட்டது.

சிறப்புகளும் இறுதிக் காலமும்

தொடர்ந்த குளிரும் உயரமும் அவருடைய உடல்நலத்தையும் கண்பார்வையையும் கெடுத்திருந்தன. அதற்குப் பின் அவர் களப்பணிக்குச் செல்லவில்லை. இலண்டனின் அரச புவியியல் கழகம் 1868 இல் பொற்கடிகாரமும், 1877 இல் தனது உயரிய பொற்பதக்கங்களுள் ஒன்றையும் வழங்கியது. பாரிசுப் புவியியல் கழகமும் சிறப்பித்தது. ஆங்கிலேய அரசு சி. ஐ. ஈ. பட்டமும் ரோகில்கண்டில் ஒரு சிற்றூரின் வருவாயும் அளித்தது. களப்பணியில் இருந்த காலம் வரை அவருடைய இயற்பெயர் அச்சில் வரவில்லை; 'பண்டிதர்' என்றே அறிக்கைகள் குறித்தன.

அட்சரேகை கணிக்கும் முறையை விளக்கி அட்சாம்ச தர்ப்பணம் என்ற நூலை இந்தியில் எழுதினார். தம் குடியின் வரலாற்றையும் எழுதியுள்ளார். அவருடைய உறவினரான கிஷன் சிங் பின்னர் 1878–82 இல் திபெத்தையும் மங்கோலிய எல்லையையும் அளந்து புகழ்பெற்றார். நைன் சிங் 1882 இல் காலமானார்.

பணியின் மறுபக்கம்

நைன் சிங்கின் பணியை அறிவியல் சாதனையாக மட்டும் பார்ப்பது முழுமையாகாது. திபெத்தியர் வணிகருக்கு அளித்த நம்பிக்கையைப் பயன்படுத்தியே அவர் உள்ளே சென்றார். எழுதிக் கொடுத்த உறுதியை மீறினார். அவர் பிடிபட்டிருந்தால் உயிரிழப்பு அவரோடு நின்றிருக்காது. இதற்குச் சான்று பிற்காலத்தில் கிடைத்தது. 1881–82 இல் வங்காளரான சரத் சந்திர தாசு லாசாவிற்குச் சென்று திரும்பிய செய்தி வெளியானபோது, அவருக்கு உதவிய செங்சென் லாமாவிற்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. நைன் சிங்கைக் காட்டிக்கொடுக்காத காசுமீர வணிகருக்கும் லடாக்கியருக்கும் அத்தகைய கேடு நேரவில்லை என்பது தற்செயலே.

ஜோகாரி வணிகருக்கு இதனால் கிடைத்த நன்மை குறைவு. அவருடைய அளவீடுகள் அரசின் நிலப்படங்களுக்குச் சென்றன. மித்திரர் முறையும் கணவாய் விசாரணையும் அவர் காலத்திற்குப் பின்னும் முன்போலவே நடந்தன. 1903–04 இல் ஆங்கிலேயப் படை லாசா வரை சென்று வணிக ஒப்பந்தம் செய்தது. அதன்படி மேற்கே கார்டோக்கிலும் ஒரு வணிக நிலையம் ஏற்பட்டது.

ஜோகார் வணிகத்தின் முடிவு

1950களில் திபெத்து சீன ஆட்சியின்கீழ் வந்தபின் சந்தைகள் சுருங்கின. 1962 இந்திய–சீனப் போருடன் ஜோகாரின் கணவாய்கள் மூடப்பட்டன. ஆடுகளுக்கும் கவரிமாக்களுக்கும் வேலையில்லாமற் போயிற்று. பொதிபைகள் வீட்டுப்பரண்களுக்குச் சென்றன. திபெத்தியக் கூட்டாளிகளிடம் நிலுவையில் இருந்த கடன்கள் திரும்பவில்லை. 1967 இல் போட்டியா மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்; பலர் அரசுப் பணிகளுக்கும் சமவெளி நகரங்களுக்கும் சென்றனர். ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த மிலாமில் பெரும்பாலான வீடுகள் கூரையிழந்து சுவர்களாக நிற்கின்றன. கோடையில் சில குடும்பங்கள் மட்டும் வந்து பயிரிட்டுச் செல்கின்றன.

கிழக்கேயுள்ள வியாசப் பள்ளத்தாக்கின் லிபுலேக் கணவாய் 1992 இல் வணிகத்திற்காக மீண்டும் திறக்கப்பட்டு, 2020 இல் நிறுத்தப்பட்டது. ஜோகாரின் வழி அப்போதும் திறக்கப்படவில்லை.

இந்திய அஞ்சல் துறை 2004 இல் முக்கோணவியல் நில அளவையின் நினைவாக வெளியிட்ட அஞ்சல்தலைகளுள் ஒன்றில் நைன் சிங்கின் உருவம் இடம்பெற்றது. அவருடைய நாட்குறிப்புகளும் எழுத்துகளும் சேகர் பாடக், உமா பட் ஆகியோரால் தொகுக்கப்பட்டு 2006 இல் இந்தியில் வெளிவந்தன. ஆங்கில அறிக்கைகளில் சுருக்கியும் திருத்தியும் தரப்பட்ட பயணங்களை அவரது சொந்த எழுத்தில் படிக்க இத்தொகுப்பு வழிசெய்தது.